தப்பா போட்டா எப்படிங்க அழிக்கறது?

31 ஜூலை 2025 (கேள்வி: கோவையிலிருந்து ஒரு எம்.பி.ஏ. மாணவர்)

இறுதியாண்டு புராஜெக்ட் செய்கிறேன். வேலை செய்யும் இடத்தில் பிளாக்செயினை (பலரிடம் நகல் இருக்கும், எழுதியதை அழிக்க முடியாத டிஜிட்டல் பேரேடு) ஊழியர்கள் ஏற்றுக்கொள்வதை எவை தீர்மானிக்கின்றன என்பது தலைப்பு. 32 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பயன், எளிமை, சுற்றி இருப்பவர்களின் தாக்கம், அலுவலக வசதி என்று நான்கு பகுதிகள். தொழில்நுட்பம் புரிந்தவர்கள் ஏற்பார்கள், புரியாதவர்கள்தான் தயங்குவார்கள் என்பது என் கணிப்பு. ஏற்றுமதித் துறையில் யாராவது பயன்படுத்தியிருந்தால் சொல்லுங்கள், படிவம் அனுப்புகிறேன்.

2 ஆகஸ்ட், இரவு 10.50 (பதில்: திருப்பூரிலிருந்து ஒரு மெர்ச்சண்டைசர்)

படிவம் வந்தது தம்பி. ஏழாவது கேள்வியில் நிறுத்திவிட்டேன். "இந்தத் தொழில்நுட்பம் என் வேலைத் திறனை உயர்த்துகிறது" என்பதற்கு 1 போடுவதா 5 போடுவதா என்று ஒரு டீ குடித்து யோசித்தும் புரியவில்லை. என் திறன் உயர்ந்ததா என்று பையரை (எங்களிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டுக்காரர்) கேட்டால் 5 என்பார், எங்கள் துணிக்குச் சாயம் போட்டுத் தரும் டையிங் மாஸ்டரைக் கேட்டால் உங்கள் ஸ்கேலில் இல்லாத ஒரு எண்ணைச் சொல்வார்.

உங்கள் கணிப்பு தப்பு என்று நினைக்கிறேன். எங்கள் இடத்தில் அந்த சிஸ்டத்தை ரொம்ப நாள் எதிர்த்தவர்தான் அதை முதலில் முழுசாகப் புரிந்துகொண்டவர்.

நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதியில் 16 வருஷமாக மெர்ச்சண்டைசர், பையரின் ஆர்டரை ஆரம்பத்திலிருந்து ஷிப்மெண்ட் வரை கவனிப்பவன். 2023இல் ஐரோப்பியப் பையர் ஒருவர், ஆர்கானிக் பருத்தி ஆர்டர் எல்லாம் இனிமேல் பிளாக்செயின் தளத்தில் பதிவாக வேண்டும் என்று மெயில் போட்டார். வேண்டுகோள் மாதிரி எழுதியிருந்தாலும் கடைசி வரியில் அடுத்த சீசன் ஆர்டர் பற்றி ஒரு குறிப்பு இருந்தது, அதை எங்கள் முதலாளி மூன்று தடவை படித்தார்.

வேலை இதுதான். ஸ்பின்னிங் மில் ஒரு கிலோ ஆர்கானிக் நூல் விற்றால் ஒரு கிலோவுக்கான டோக்கன் தளத்தில் நம் கணக்குக்கு வரும். நூல் நிட்டிங்குக்குப் போனால் டோக்கனும் போகும், துணியாகி டையிங் போனால் அங்கே போகும், கட்டிங் வந்தால் நம்மிடம் திரும்பும். கடைசியில் எத்தனை பீஸ் ஷிப்மெண்ட் ஆனதோ அத்தனைக்கான எடை டோக்கனில் இருக்க வேண்டும். பத்து டன் ஆர்கானிக் நூல் வாங்கிவிட்டுப் பதினைந்து டன் ஆர்கானிக் டீஷர்ட் அனுப்பும் வித்தை நடக்கக் கூடாது, அதற்குத்தான். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிரச்சினை, ஒவ்வொரு கையிலும் ஒருவர் உட்கார்ந்து டைப் அடிக்க வேண்டும் என்பதில் ஆரம்பித்தது. நிட்டிங்கில் இருப்பவருக்கு ஏற்கெனவே டிசி (சரக்கோடு அனுப்பும் சீட்டு) எழுத வேண்டும், ஈ-வே பில் (சரக்கு போவதற்கான ஜிஎஸ்டி சீட்டு) போட வேண்டும், சொந்த நோட்டில் ஒரு தடவை எழுத வேண்டும். இது நான்காவது. "அந்த மூணுல ஒண்ணை நிறுத்திக்கலாமுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப இது யாருக்குங்க?" என்றார். உங்கள் 32 கேள்வியில் அந்தக் கேள்வி இல்லை.

3 ஆகஸ்ட், காலை 7.15

மேலே தம்பி என்று எழுதியதற்கு மன்னிக்க வேண்டும் அம்மணி, தனிச் செய்தி பார்த்தேன். எம்.பி.ஏ. என்றாலே தம்பி என்று கை எழுதிவிட்டது.

இன்னொன்று, ஈ-வே பில் எல்லா டிசிக்கும் வராது. எங்கள் ஊருக்குள்ளேயே போகும் ஜாப் ஒர்க் சரக்கு பலதுக்குத் தேவைப்படாது. ராத்திரி கோபத்தில் எழுதியது. மூன்று என்பதை இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3 ஆகஸ்ட், மாலை 6.30

ஞாயிற்றுக்கிழமை, பவர்கட், போனில் சார்ஜ் இருக்கும்வரை எழுதுகிறேன். டிரெயினிங் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கான்ஃபரன்ஸ் ரூமில் பெரிய டிவியில் ஜூம். எங்கள் பக்கம் ஒன்பது பேர்: முதலாளி, அவர் மகன், நான், அக்கௌண்ட்ஸ் அக்கா, ஸ்டோர் பையன், நிட்டிங்கில் இருவர், டையிங் மாஸ்டர், அவர் கூட வந்த ஒருவர் (யார் என்று கடைசிவரை தெரியவில்லை, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போனார்). டிரெயினர் நல்ல பெண், பொறுமையாகப் பேசினார். பேரேட்டின் நகல் பல இடத்தில் இருக்கும், எந்த ஒருவரும் தனியாக மாற்ற முடியாது, ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவோடு பூட்டப்பட்டிருக்கும், பழையதில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்னால் உள்ள பூட்டெல்லாம் பொருந்தாமல் போய்விடும் என்று ஒரு சங்கிலிப் படம் போட்டார். முதலாளி மகன் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் அக்கௌண்ட்ஸ் அக்கா கேட்டார்: "தப்பா போட்டா எப்படிங்க அழிக்கறது?"

டிரெயினர் சிரித்தார். அழிக்க முடியாது, அதுதான் இதன் சிறப்பு, தப்பைச் சரிசெய்ய எதிர்ப்பதிவு ஒன்று போடலாம், ஆனால் தப்பும் அங்கேயே இருக்கும் என்றார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எதிரில் இருந்த பேப்பரில் எதையோ எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டார். டேலி கணக்கு மென்பொருளில் 22 வருஷம் உட்கார்ந்தவர். வவுச்சர் தப்பானால் ஆல்ட் டி அடித்து எறிந்துவிட்டு அடுத்த வேலை பார்ப்பவர். அழியாத பதிவு என்றால் டிரெயினருக்கு நம்பிக்கை, அக்காவுக்கு ஆயுசுக்கும் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கறை.

அக்கா பழைய ஆள், அதனால்தான் என்று முதலாளி மகன் சொன்னார். அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதே வருஷம் ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் எல்லாம் கணக்கு மென்பொருளில் திருத்தங்களின் தடம் இருக்கிற மாதிரி வைத்தே ஆக வேண்டும், அதை அணைக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. எங்களுடையது பிரைவேட் லிமிடெட். ஆடிட்டர் சொன்னார், அக்கா புது வெர்ஷனுக்கு மாறினார், முணுமுணுத்தார், முடிந்தது. அதிலும் தப்பு தடமாக இருக்கத்தான் செய்கிறது. அது மட்டும் எப்படி முடிந்தது என்று பிற்பாடு கேட்டேன். "அதை ஆடிட்டர் பாப்பாரு. அவருக்குத் தெரியும், எது தப்பு எது களவுன்னு. இதை ஜெர்மனிக்காரன்ல பாப்பான்?"

பையர் ஜெர்மனி இல்லை. அக்காவுக்கு ஐரோப்பா முழுக்க ஜெர்மனிதான்.

5 ஆகஸ்ட், இரவு 11.20

சரி, டையிங் மாஸ்டர் கதை. முதல் குறிப்பில் சொன்ன "முதலில் புரிந்துகொண்டவர்" இவர்தான்.

துணி டையிங் போனால் எடை குறையும், எல்லோருக்கும் தெரியும். பிளீச் ஆகும்போது, சாயம் ஏறும்போது, காம்பாக்டிங்கில், ரோல் ஓரத்தில் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். இதற்குப் பெயர் பிராசஸ் லாஸ். பில்லில் ஒரு பர்சண்டேஜ் பேசி வைத்திருப்போம், அதற்கு மேல் போனால் சண்டை, கீழே வந்தால் யாரும் பேச மாட்டோம். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் திருப்பூரில் பாதிப் பேர் குடும்பம் நடத்துகிறார்கள் என்றுகூடச் சொல்லலாம். மிச்சம் விழும் துணி, அடுத்த லாட்டில் குறைந்தால் ஈடுகட்ட, இல்லாவிட்டால் லோக்கல் பனியனுக்கு.

முதல் லாட்: 1,040 கிலோ உள்ளே, 962 வெளியே. 78 கிலோ காணோம், 7.5 சதவீதம். தளத்தில் 7க்கு மேல் போனால் சிவப்பு. சிவப்பு விழுந்தது, மெயில் வந்தது, விளக்கம் கேட்டார்கள். அடர் நேவி, இரண்டு தடவை ஓட்ட வேண்டியிருந்தது, அதனால் லாஸ் கூடிவிட்டது. இதை இங்கிலீஷில் எழுதி அனுப்பி, அவர்கள் திரும்பக் கேள்வி கேட்டு, இன்னொரு தடவை எழுதி, ஒன்பது நாள் ஓடியது. டிரெயினிங்கில் ஒரு வார்த்தை பேசாத மாஸ்டர் அன்றைக்குச் சொன்னார்: "இது பருத்தியப் பாக்குற மிஷின் இல்லீங்க. என்னையப் பாக்குறது."

இரண்டாவது லாட்டில் அவர் நோட்டில் 7.2 இருந்தது. போனில் கேட்டார், என்ன போடட்டும் என்று. ஷிப்மெண்டுக்கு ஆறு நாள் இருந்தது. நான்தான் சொன்னேன், 6.9 போடுங்க என்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், ஆனால் புராஜெக்ட் பண்ணும் பெண்ணுக்கு இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லி என்ன பயன்.

அதற்கப்புறம் எல்லா லாட்டும் 6.9. வெள்ளை 6.9, கறுப்பு 6.9, மெலாஞ்ச் 6.9. மெலாஞ்சில் நூலிலேயே கலர் இருக்கும், சாயமே ஏற்றுவதில்லை, வெறும் வாஷ்தான், லாஸ் ரொம்பக் குறைவாக வரும், அதற்கும் 6.9. பையர் பக்கம் ஒருவருக்காவது சந்தேகம் வரும் என்று பார்த்தேன். ஆறு மாதம் கழித்து அவர்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் எங்கள் டையிங்குக்கு "சீரான செயல்திறன்" என்று பச்சை டிக். அழிக்கவே முடியாத சங்கிலியில் அழியாமல் உட்கார்ந்திருப்பது அந்த 6.9தான்.

7 ஆகஸ்ட், மதியம் 1.10

இன்று முதல் அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் வரி. இந்த மாதம் 27இல் இன்னொரு 25 ஏறும் என்று நேற்றைய அறிவிப்பு. எங்கள் அமெரிக்க ஆர்டர் இரண்டு ஹோல்டில். எல்லார் போனும் அடிக்கிறது. பிளாக்செயின் பற்றி இந்த வாரம் கேட்காதீர்கள்.

10 ஆகஸ்ட், மாலை 5.00

ஈரோட்டில் ஜவுளிக்கடை ஒன்றில் எஸ்.எம்.எஸ். அனுப்பும் வேலை பார்க்கும் ஒரு தோழி மேலே எழுதியிருக்கிறார்: "எங்க கடையில் பிளாக்செயின் எல்லாம் கிடையாது, டிஎல்டியோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாப் போகுது."

படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அந்த டிஎல்டி என்பதே பரவல் பேரேட்டுத் தொழில்நுட்பத்தின் சுருக்கம்தான் தோழி. பிளாக்செயின் குடும்பம். ஸ்பேம் எஸ்.எம்.எஸ். தொல்லைக்காகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் போட்ட விதி: மெசேஜ் அனுப்பும் கம்பெனி பெயர், ஹெடர் (அனுப்புபவரின் குறியீடு), டெம்ப்ளேட் (மெசேஜின் மாதிரி வாசகம்), வாடிக்கையாளர் சம்மதம் எல்லாம் ஆபரேட்டர்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு பேரேட்டில் பதிவாக வேண்டும், பதிவோடு பொருந்தாத மெசேஜ் வழியிலேயே நின்றுவிடும். 2021 மார்ச் 8இல் இதை முழுசாக அமல்படுத்திய அன்று நாடு முழுக்க ஓடிபி வராமல் பேங்க் வேலையெல்லாம் நின்றது, மறுநாளே ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். ஞாபகம் இருக்கும். எனக்கு நன்றாக இருக்கிறது, அன்று டிடிஎஸ் கட்டப் போய் ஓடிபிக்காக ஒன்றரை மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இந்தியாவில் அலுவலக வேலையாகப் பிளாக்செயினைத் தொடுகிறவர்களை எண்ணினால் ஐ.டி. ஆட்களை விட இந்த டெம்ப்ளேட் போடும் ஆட்கள்தான் அதிகமாக இருப்பார்கள் என்பது என் ஊகம். ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம், கூட்டுறவு சொசைட்டி, எல்லா இடத்திலும் ஒருவர். அவர்களில் யாரையும் "பிளாக்செயினை ஏற்கிறீர்களா" என்று யாரும் கேட்கவில்லை. டெம்ப்ளேட்டில் ஒரு இடைவெளி கூடினால் ரிஜெக்ட், மறுபடி போடு, அவ்வளவுதான். தீபாவளி ஆஃபர் மெசேஜ் போகாவிட்டால் முதலாளி திட்டுவார், அதனால் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குப் படிவம் கொடுத்தால் "எனக்குப் பிளாக்செயின் பற்றித் தெரியாது" என்று 1 போடுவார்கள், அம்மணி கணக்கில் அவர்கள் ஏற்காதவர்கள்.

11 ஆகஸ்ட், காலை 9.40

ஒருவர் திட்டியிருக்கிறார், டிஎல்டி எல்லாம் பிளாக்செயின் ஆகாது என்று. சரி. எல்லாப் பிளாக்செயினும் பரவல் பேரேடு, எல்லாப் பரவல் பேரேடும் பிளாக்செயின் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பிட்காயின் மாதிரி யார் வேண்டுமானாலும் நுழையும் சங்கிலியும் இல்லை இது, அனுமதி பெற்ற ஆபரேட்டர்கள் மட்டும் நடத்துவது. எங்கள் பருத்தித் தளமும் அதே வகைதான். வேலையிடத்துக்கு வரும் பிளாக்செயின் பெரும்பாலும் இந்த வேலிபோட்ட ரகம்தான், அதனால் நான் வாபஸ் வாங்கவில்லை.

14 ஆகஸ்ட், இரவு 10.15

"நீங்க சொல்றது சின்ன ஊர் சமாச்சாரம், பெரிய கம்பெனிகள் இதில் எங்கேயோ போய்விட்டன" என்று ஒரு சென்னை அன்பர். எங்கே போனார்கள் என்று பார்ப்போம்.

கப்பல் கம்பெனி மேர்ஸ்கும் ஐபிஎம்மும் சேர்ந்து 2018இல் டிரேட்லென்ஸ் என்று ஆரம்பித்தார்கள். கன்டெய்னர் எங்கே இருக்கிறது, பேப்பர் யார் கையில் இருக்கிறது என்பதை எல்லாம் ஒரே பேரேட்டில் கொண்டுவருவது. எங்கள் மாதிரி ஆட்களுக்கு இது வந்திருந்தால் கோவில் கட்டியிருப்போம், கொரியர்காரர் பின்னால் ஓடும் வேலை மிச்சம். ஆனால் ஆரம்பத்திலேயே மற்ற கப்பல் கம்பெனிகள் கேட்டது நியாயமான கேள்வி: என் போட்டியாளன் பாதி முதலாளியாக இருக்கும் தளத்தில் என் சரக்கு விவரத்தை நான் ஏன் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்? 2019இல் எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம், ஹபாக்-லாயிட் எல்லாம் சேர்வதாக அறிவித்தார்கள்தான். ஆனாலும் 2022 நவம்பரில் மூடுவதாகச் சொல்லிவிட்டார்கள், 2023 மார்ச்சோடு தளம் நின்றது. துறை முழுவதும் கைகோத்து வரவில்லை என்பதுதான் அவர்களே சொன்ன காரணம். தொழில்நுட்பம் ஓடவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அதே நவம்பரில் ஆஸ்திரேலியப் பங்குச்சந்தையும் பங்கு கைமாறியதும் கணக்குத் தீர்க்கும் தன் பழைய சிஸ்டத்துக்குப் பதிலாகப் பல வருஷமாகக் கட்டிய பேரேட்டுத் திட்டத்தைக் கைவிட்டு, சுமார் 250 மில்லியன் ஆஸ்திரேலிய டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. அது வேறு வகைக் கதை, அங்கே சாஃப்ட்வேரே தகராறு.

இந்தப் போட்டியாளன் கண்ணில் படுவது என்ற விஷயம் எங்களிடமும் இருந்தது. நிட்டிங்கில் ஒருவர் கடைசிவரை மில் பெயரைப் போடவே மாட்டேன் என்றார். 30ஸ் கோம்ப்டு நூலை நல்ல விலைக்கு எங்கே பிடிக்கிறார் என்பதுதான் அவர் சொத்து, அதற்கு 12 வருஷப் பழக்கம். தளத்தில் ஏற்றினால் பையருக்குத் தெரியும், பையரின் ஆபீசில் இருப்பவருக்குத் தெரியும், அவர் நாளைக்கு இன்னொரு ஏற்றுமதியாளரிடம் வேலைக்குப் போவார். "என் மாமியார் வீட்டுக்குக்கூட மில்லு பேரு தெரியாதுங்க" என்றார். அப்புறம், அனுமதி இல்லாதவருக்குப் பெயர் தெரியாத மாதிரி வைக்கலாம் என்று டிரெயினர் செட்டிங் காட்டினார். அவருக்கு அந்த செட்டிங் மேல் நம்பிக்கை இல்லை. எனக்கும் முழுசாக இல்லை. யார் செட்டிங்கை மாற்றலாம் என்று கேட்டதற்கு டிரெயினரிடம் நேரான பதில் கிடைக்கவில்லை.

வால்மார்ட் கதை எதிர்ப்பக்கம். வெட்டிய மாம்பழத் துண்டு எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று தேட அவர்களுக்கு முன்பு கிட்டத்தட்ட ஏழு நாள் ஆனது, பேரேட்டில் போட்டபின் 2.2 வினாடி. எல்லா மீட்டிங்கிலும் இந்த 2.2 வினாடியைச் சொல்வார்கள், எங்கள் டிரெயினரும் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் நடந்ததை யாரும் சொல்வதில்லை: 2018 செப்டம்பரில் கீரை சப்ளையர்களுக்குக் கடிதம், ஒரு வருஷத்துக்குள் நீங்களும் இதில் ஏறியாக வேண்டும் என்று. கீரைக்காரர் எத்தனை பேர் 2.2 வினாடியில் மயங்கி வந்தார்கள், எத்தனை பேர் கடிதத்தைப் பார்த்து வந்தார்கள்? எங்கள் முதலாளி மூன்று தடவை படித்த கடைசி வரி ஞாபகம் வருகிறதா.

அம்மணிக்கு ஒன்று: உங்கள் நான்கு பகுதியும், தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பது பற்றி ஆய்வாளர் வெங்கடேஷும் அவர் கூட்டாளிகளும் 2003இல் போட்டது என்று உங்கள் முன்னுரையிலேயே இருந்தது, அதற்கு முன்னால் 1989இல் டேவிஸ் பயன், எளிமை இரண்டை மட்டும் சொன்னார் என்றும். தேடிப் படித்தேன் (என்னையும் படிக்க வைத்துவிட்டீர்கள்). அதே 2003 ஆய்வு மாதிரியில், சொந்த விருப்பத்தில் பயன்படுத்துகிறாரா, கட்டாயத்திலா என்பதும் ஒரு காரணி. உங்கள் படிவத்தில் அதைக் காணோம். அதைச் சேருங்கள் முதலில்.

17 ஆகஸ்ட், காலை 11.00

"பொய் எழுத முடியாது என்பதற்காகத்தானே பிளாக்செயின், நீங்களே 6.9 போட்டுவிட்டு அதைக் குறை சொல்வதா" என்று கேட்டவருக்கு. குறை சொன்னது என்னையும் சேர்த்துத்தான். ஆனால் எழுதியதை மாற்ற முடியாது என்பது வேறு, எழுதியது உண்மை என்பது வேறு. தராசுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் எப்போதும் ஓர் ஆள் நிற்கிறார், இந்தக் கதையில் அது நான்.

இதற்கு எங்கள் துறையில் பெரிய சாட்சி உண்டு. 2020இல் ஆர்கானிக் தரச்சான்று தரும் காட்ஸ் அமைப்பு, இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்று காட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து 11 கம்பெனிகளுக்குத் தடை போட்டது. சான்றிதழில் க்யூஆர் கோடு இருந்தது. ஸ்கேன் செய்தால் அரசு அமைப்பான அபீடாவின் தளம் மாதிரியே ஒன்று திறக்கும், அதுவும் போலி! அந்தத் திறமைக்கு ஒரு விருதே கொடுக்கலாம். இப்படிப்பட்டவர் பிளாக்செயின் வாசலில் வந்து நின்றால் முதல் பதிவையே பொய்யாகப் போட்டுவிட்டு உள்ளே போவார், அப்புறம் அந்தப் பொய்யை யாராலும் அழிக்க முடியாது.

இருந்தாலும் ஒன்று. ஒரே கிலோவை இரண்டு பேருக்கு விற்பது டோக்கன் வந்தபின் கஷ்டம். அதை நான் கண்ணால் பார்த்தேன், பெயர் சொல்ல மாட்டேன். அந்த அளவுக்கு நல்லதுதான்.

24 ஆகஸ்ட், மாலை 4.20

மேலே எழுதியதை எல்லாம் திரும்பப் படித்தால் பயமும் கட்டாயமும் மட்டும்தான் என்கிற மாதிரி இருக்கிறது. இல்லை. டையிங் மாஸ்டர் 2024 நடுவில் தானாகவே வந்து "அந்தக் கம்ப்யூட்டர்ல ஏத்தீட்டீங்களா" என்று கேட்க ஆரம்பித்தார்.

காரணம் பணம். ஆர்கானிக் சரக்குக்குச் சான்று வராமல் பையர் பணம் வராது, எங்களுக்கு வராமல் அவருக்கு வராது. பழைய முறையில் மில்லிலிருந்து ஒரு சான்று, நிட்டிங்குக்கு ஒன்று என்று பேப்பர் சேகரித்து அனுப்பி மூன்று வாரம் ஆகும். தளத்தில் ஏறிய இரண்டு ஆர்டருக்கு நான்கு நாளில் சான்று வந்துவிட்டது. அவர் பில் அந்த மாதமே செட்டில். அதற்கப்புறம் அவருக்கு மிஷின் யாரைப் பார்த்தால் என்ன. 6.9ஐயும் கைவிட்டார், அவர் சொந்தமாக உண்மை எண்ணைப் போட ஆரம்பித்தார், ஏனென்றால் விளக்கம் எழுத இப்போது ஒரு தமிழ்ப் படிவம் இருந்தது, டிக் அடித்தால் போதும்: அடர் கலர், ரீடையிங், ஷேட் வேறுபாடு. முதல் நாளிலிருந்து அது இருந்திருந்தால் நான் போனில் அந்த எண்ணைச் சொல்லியே இருக்க மாட்டேன். எளிமை என்று டேவிஸ் சொன்னதை நான் முதலில் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தேன், அதில் விஷயம் இருக்கிறது.

ஆனால் இங்கேயும் ஒரு இடி. அந்த நான்கு நாள் எப்படி வந்தது என்று பையர் ஆபீசில் இருப்பவரிடம் சாதாரணமாகக் கேட்டேன். அந்த இரண்டு மாதம் இந்த வேலைக்கென்றே ஓர் ஆளை உட்கார வைத்திருந்தார்களாம், எது வந்தாலும் அன்றே பார்க்க. அவர் பிரசவ விடுப்பில் போனதும் நான்கு நாள் பதினொரு நாள் ஆனது. சங்கிலி அதே சங்கிலிதான். அப்படியானால் மாஸ்டர் ஏற்றுக்கொண்டது பிளாக்செயினையா, அந்தப் பெண்ணையா? இதற்கு என்னிடம் பதில் இல்லை, அம்மணி கைடைக் கேட்டுச் சொல்லவும்.

25 ஆகஸ்ட், காலை 8.05

பெரியவர் ஒருவர் 2011ஐ ஞாபகப்படுத்தியிருக்கிறார். சாயக்கழிவு விஷயத்தில் ஹைகோர்ட் ஜனவரியில் டையிங் யூனிட்டை எல்லாம் மூடச் சொல்லி ஊரே இருண்டு கிடந்தது. அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் எத்தனை கருத்தரங்கு, எத்தனை பயிற்சி. மூடிய பிறகுதான் சுத்திகரிப்பு எல்லோர் மண்டையிலும் ஏறியது. எங்கள் மாஸ்டர் அப்போது வேலையில்லாமல் ஏழு மாதம் கரூர் போய்விட்டு வந்தவர். மேலே இருந்து ஒரு மெயில் வந்தாலே அவருக்கு அந்த ஏழு மாதம் ஞாபகம் வரும் என்று இப்போது தோன்றுகிறது. 5ஆம் தேதி குறிப்பில் அவரைக் கொஞ்சம் கோணலாகக் காட்டிவிட்டேன்.

28 ஆகஸ்ட், இரவு 9.30

நேற்று விநாயகர் சதுர்த்தி, நேற்றே அமெரிக்காவின் 50 சதவீத வரியும் அமல். அமெரிக்க ஆர்டர் இரண்டில் ஒன்று கேன்சல். ஐரோப்பாப் பக்கம் போவோம் என்று எல்லோரும் பேசுகிறார்கள், முதலாளி மகன் இன்று மீட்டிங்கில் அங்கே வரப்போகும் டிஜிட்டல் புராடக்ட் பாஸ்போர்ட் (ஒரு பொருளின் விவரமெல்லாம் அடங்கிய டிஜிட்டல் பதிவு) பற்றிச் சொன்னார், அதற்கான சட்டம் 2024 ஜூலையிலேயே அமலுக்கு வந்துவிட்டது, முதலில் வரும் பொருள்களில் ஜவுளியும் உண்டு. பிளாக்செயினில்தான் வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் மகன் "நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு" என்று சொன்னபோது முதலாளி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, 2023இல் இல்லாத வெளிச்சம். அக்கௌண்ட்ஸ் அக்கா மட்டும் என்னைப் பார்த்தார்.

6 செப்டம்பர், இரவு 8.45

அம்மணி இன்று நேரிலேயே வந்திருந்தார். படிவத்தைத் தமிழில் மாற்றி, பிரிண்ட் எடுத்து. விருப்பமா கட்டாயமா கேள்வி சேர்ந்திருக்கிறது, "இந்தப் பதிவை யார் யார் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா" என்று ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அது நல்ல கேள்வி, என்னுடையது இல்லை, அவரே யோசித்தது.

அக்கா பத்து நிமிஷத்தில் நிரப்பினார், எல்லாவற்றுக்கும் 3. நிட்டிங்காரர் வாங்கி மடித்துப் பையில் வைத்தார், வராது என்று நினைக்கிறேன். டையிங் மாஸ்டர் கண்ணாடி போட்டு முழுசாகப் படித்தார். பேர் போட வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றார் அம்மணி. இதை யார் பார்ப்பாங்க என்றார், நானும் என் கைடும் என்றார். அப்புறம் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டோர் பையனைக் கூப்பிட்டுப் பென்சில் வாங்கி நிரப்பினார். இரண்டு இடத்தில் அழித்துத் திருத்தினார்.

நிரப்பியது மொத்தம் ஆறு, என் மேசையில் இருக்கிறது. என்னுடையது இன்னும் ஏழாவது கேள்வியிலேயே நிற்கிறது. திங்கட்கிழமைக்குள் முடித்து ஏழாகக் கொரியரில் போடுகிறேன்.